அடுத்த நேரலைக்கு எந்த நாடகம்?

தமிழில் மேடையேறும் இசைநாடகங்களுள் ஒன்றை, வெட்டாமலும் முன்பதிவு செய்யாமலும், அது நிகழ்ந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே தொலைக்காட்சியில் காட்ட ஒரு வாய்ப்பு வாய்த்தால் எதைத் தேர்ந்தெடுப்பது? காரைக்காலில் வாரந்தோறும் கூடிப் பேசும் எங்கள் சிறு நண்பர் வட்டத்தில் சில வாரங்களாக இந்தக் கேள்விதான் சுற்றி வருகிறது. அப்படியொரு வாய்ப்பை எவரும் எங்களிடம் கொடுத்துவிடவில்லை. ஆனாலும், பெண் பார்க்கப் போவதற்கு முன்பே கல்யாணச் சமையலுக்குக் கணக்குப் போடுகிறவர்களைப் போல, மூன்று கட்சிகளாகப் பிரிந்து வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். என் கட்சி எது, ஏன் என்பதை எழுதிப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது.

கேள்வியைக் கிளப்பியவர் அமெரிக்காவில் மகனோடு சில மாதங்கள் தங்கி வந்த நண்பர். அங்கே இது பழைய வழக்கம். 1957 மார்ச் 31 அன்று ஜூலி ஆண்ட்ரூஸ் நடித்த 'சிண்ட்ரெல்லா' சிபிஎஸ் தொலைக்காட்சியில் நேரலையாகப் போனபோது, அதைக் கண்டவர்கள் பத்துக் கோடிக்கும் மேல் என்று மதிப்பிட்டார்கள். பிறகு அந்த வழக்கம் பல பத்தாண்டுகள் தூங்கிக் கிடந்தது. 2013 டிசம்பர் 5 அன்று என்பிசி 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' நாடகத்தை நேரலையாக்கியபோது ஏறத்தாழ ஒரு கோடியே எண்பத்தைந்து இலட்சம் பேர் பார்த்தனர். அதன்பின் ஆண்டுதோறும் 'அடுத்து எது?' என்பது அங்கே ஒரு பேச்சாயிற்று. 'பீட்டர் பான்', 'தி விஸ்', 'கிரீஸ்', 'ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்று வரிசை நீண்டது.

இந்த வரிசையில் என்னை நிறுத்தியது 2019 ஜனவரி 27 அன்று ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் வந்த 'ரென்ட்'. முதல் நாள் ஒத்திகையில் முக்கிய நடிகர் ஒருவரின் பாதம் முறிந்துவிட்டது. மாற்று நடிகர் இல்லை. ஆகவே நேரலை என்று அறிவிக்கப்பட்ட அந்நாடகத்தின் பெரும்பகுதியாக முதல் நாள் ஒத்திகையின் பதிவையே ஒளிபரப்பினார்கள். இறுதிப் பகுதி மட்டுமே அந்த நேரத்தில் நடிக்கப்பட்டது. ஒத்திகைப் பதிவு நாடகத்திற்குப் பதிலாகச் செல்லுபடியாகும் என்றால், அந்த நாடகத்தில் நேரலைக்கென்று மிஞ்சியிருந்தது என்ன? தவறு நேர்ந்துவிடுமோ என்ற பதைபதைப்பு மட்டுந்தானே! அதைக் கழைக்கூத்தாடியிடமும் காணலாம். நேரலைக்கு ஒரு நாடகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கான அளவுகோலை நான் இங்கிருந்துதான் எடுத்துக்கொள்கிறேன். நேற்றைய பதிவை இன்று போட்டால் எந்த நாடகம் பொய்யாகிவிடுமோ, அதையே நேரலையாகக் காட்ட வேண்டும்.

இனி எங்கள் ஊர்க் கட்சிகளுக்கு வருகிறேன்.

முதலாவது, நளன் கட்சி. காரைக்கால் மாவட்டத்திற்கு நேரலை புதிதன்று. திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி நிகழும் நாளில் தொலைக்காட்சி வண்டிகள் வந்து நிறையும். 2023 டிசம்பர் 20 மாலையிலும் அப்படித்தான். தீபாராதனை, மக்கள் வெள்ளம், நளதீர்த்தத்தில் நீராடுவோர் என எல்லாம் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. 'கேமராக்கள் ஏற்கெனவே இங்கே வருகின்றன, ஐயா. அன்றிரவே நளதமயந்தி நாடகத்தைப் போட்டுவிட்டால் என்ன?' என்பது எங்கள் நண்பர் ஒருவரின் யோசனை. யோசனையில் அழகு இருக்கிறது. புகழேந்தியின் நளவெண்பாவில் நளனைப் பற்றித் தொடர்பவன் கலி. மூன்று காண்டங்களுள் இரண்டு அவன் பெயரிலேயே கலிதொடர் காண்டம், கலிநீங்கு காண்டம் என்று அமைந்துள்ளன. எங்கள் தலத்து மரபிலோ அந்த இடத்தில் சனி நிற்கிறார். கவிதைக்கும் தலத்துக்கும் இடையிலான இந்த மாற்றத்தை ஒரு நாடகம் தொட்டுக்காட்டினால் சுவையாகத்தான் இருக்கும்.

தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று போற்றப்படும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளே எமனாகவும் சனீஸ்வரனாகவும் வேடங்கட்டி நடித்தவர். சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்கும் முன் அவரை எதிரில் கண்ட பெண்ணொருத்தி அஞ்சி உயிர்விட்டாள் என்றும், அதன்பின் அவர் வேடங்கட்டுவதை விட்டு நாடகம் எழுதுவதிலும் பயிற்றுவதிலும் ஈடுபட்டார் என்றும் நாடக உலகில் ஒரு செய்தி வழங்கிவருகிறது.

ஆயினும் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. சனிப்பெயர்ச்சிக்கு வரும் கூட்டம் தன் துன்பம் தீர வேண்டி வருவது. அந்த இரவில் அவர்கள் முன் நளன் நின்றால், அவனைப் பரிகாரத்தின் சான்றாகவே காண்பார்கள். சூதில் நாடிழந்தவன், காட்டில் மனைவியை உறங்கவிட்டுப் போனவன் என்னும் நளன் அவர்களுக்கு வேண்டியிராது. கதையின் கடினமான பகுதி கண்ணில் படாமலே நாடகம் முடிந்துவிடும்.

ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவையே காட்டலாமே என்று ஒரு குரல் நடுவே எழுந்தது. புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் திருமணம், பிச்சாண்டவர் வீதியுலா, மாடிகளிலிருந்து மாங்கனிகளை வீசும் மக்கள் என்று ஊரே மேடையாகும் நிகழ்வு அது. ஆனால் அதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுக்க ஏதுமில்லை. அதில் பார்வையாளர் என்று தனியாக ஒருவருமில்லை. காட்டுவதை விட, கையில் ஒரு கனியைப் பிடிப்பதே அங்கே காரியம்.

இரண்டாவது, நந்தனார் கட்சி. இதுதான் வலிமையானது. கோபாலகிருஷ்ண பாரதியார் எங்கள் அண்டை நிலத்தவர். நாகை வட்டாரத்து நரிமணத்தில் பிறந்து, மாயூரத்தை அடுத்த ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்தவர். அவருடைய 'நந்தனார் சரித்திரக் கீர்த்தனை'க்கும் காரைக்காலுக்கும் உள்ள உறவை உ.வே. சாமிநாதையர் எழுதியிருக்கிறார். அப்போது காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. இங்கே உயர்பதவியில் இருந்த சிசே என்னும் பிரெஞ்சு அதிகாரி, பாரதியார் நந்தன் கதையைப் பாடியதில் ஈடுபட்டு, 1860-களின் தொடக்கத்தில் அது அச்சேற உதவினார். தமிழ் மக்கள் உருகிப் பாடிய ஒரு நூல் அச்சு வடிவம் பெற, வேற்றுமொழிக்காரர் ஒருவரின் செவி காரணமாயிற்று என்பதில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நியாயமான பெருமை உண்டு.

அதே நூலைப் பற்றி ஐயரவர்கள் சொல்லும் இன்னொரு செய்தி நேரலைக்கே சான்று போன்றது. நூலுக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதியார் பலமுறை சென்றார். நூலில் இலக்கணப் பிழைகள் இருக்கக் கண்ட பிள்ளையவர்கள் தட்டிக்கழித்துவந்தார். ஒருநாள் பாரதியார் தமக்குத்தாமே பாடிக்கொண்டிருந்ததைக் கேட்டார், உள்ளம் உருகினார், பாயிரமும் கொடுத்தார். ஏட்டில் பிழையாகத் தெரிந்தது குரலில் பிழையாகத் தெரியவில்லை. இதைச் சொல்லிவிட்டு எங்கள் நந்தனார் கட்சித் தலைவர், 'இதற்கு மேல் என்ன வேண்டும்? நேரில் கேட்டால்தான் நந்தன்!' என்று மேசையைத் தட்டினார்.

நானும் ஏறத்தாழ ஒப்புக்கொண்டுவிட்டேன். ஆனால் நெருப்பு நினைவுக்கு வந்தது.

சேக்கிழாரின் திருநாளைப்போவார் புராணத்தில் நந்தனைத் தடுக்கும் பண்ணையார் இல்லை. தம் பிறப்பை எண்ணி அவரே தயங்கி 'நாளைப் போவேன்' என்று நாள் கடத்துகிறார். விடை கேட்டு நிற்கும் ஆளையும், விடை தர மறுக்கும் வேதியரையும் படைத்தவர் கோபாலகிருஷ்ண பாரதியார். அந்த ஒரு படைப்பினால் பக்திக் கதை பண்ணையின் கதையாகவும் ஆயிற்று. டெல்டாவில் வயலோடு வாழ்ந்த எவருக்கும் அந்த வேதியரை அடையாளம் கண்டுகொள்வதில் சிரமம் இருந்திருக்காது. திரைப்படங்கள் வந்தன. 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் நந்தனாராகவும் மகாராஜபுரம் விசுவநாதையர் வேதியராகவும் நடித்தனர். அதற்காகச் சுந்தராம்பாள் ஓர் இலட்சம் ரூபாய் பெற்றது அக்காலத்தில் ஊரெல்லாம் பேச்சு. 1942-இல் ஜெமினியின் படத்தில் தண்டபாணி தேசிகர் நந்தனாரானார். பாடல்கள் வீடு வீடாகப் பரவின. ஆனால் கதை எப்படி மாறினாலும், தில்லைக்குள் நுழைய அந்த மனிதர் தீயில் மூழ்கி எழ வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்தத் தீ அருளின் அடையாளம். அந்தத் தீயின் மறுகரையில் நிற்க நேர்ந்த மக்களின் பிள்ளைகளுக்கு அது அப்படியில்லை. இந்திரா பார்த்தசாரதி தமது 'நந்தன் கதை' நாடகத்தில் அதைச் சூழ்ச்சியாகவே காட்டினார். அவர்தாம் பின்னர் புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரால் அமைந்த நாடகப் பள்ளியை உருவாக்கி நடத்தியவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நந்தனாரை நேரலையாக ஒளிபரப்பினால் இந்த இரண்டு தீக்களும் ஒரே நேரத்தில் எல்லார் வீட்டிலும் எரியும். அது நல்லதே. ஆனால் மேடையில் பாடுகிறவருக்கு மறுமொழி சொல்ல அங்கே எவருமில்லை. நந்தன் கேட்கிறான், அழுகிறான், உருகுகிறான், வாதிடுவதில்லை. இசை இனிமையாக இருப்பதனாலேயே அநீதி இனிமையாகக் கடந்துபோகும் அபாயம் அதில் இருக்கிறது. முதல் முறையாகச் செய்யும் நேரலைக்கு அது ஏற்றதன்று என்று எனக்குப் பட்டது.

மூன்றாவது கட்சி என்னுடையது. தொடக்கத்தில் நான் ஒருவனே அதன் உறுப்பினன். நான் கேட்பது 'வள்ளி திருமணம்'.

நண்பர்கள் சிரித்தனர். புதுக்கோட்டை, மதுரை, காரைக்குடிப் பக்கம் திருவிழாத்தோறும் போடப்படும் நாடகம். எல்லாருக்கும் தெரிந்த கதை. இதில் தேர்ந்தெடுக்க என்ன இருக்கிறது என்றனர். அவர்களுக்கு நான் சொன்னதை இங்கே ஒழுங்குபடுத்திச் சொல்கிறேன்.

அந்த வட்டாரத்தில் இதை 'ஸ்பெஷல் நாடகம்' என்பார்கள். நிலையான குழு கிடையாது. விழாக் கமிட்டியார் ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ், ஆர்மோனியம், மிருதங்கம் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே ஒப்பந்தம் செய்கிறார்கள். ஒருவர் மணப்பாறையிலிருந்து வருவார், ஒருவர் திண்டுக்கல்லிலிருந்து. படமும் ஊரும் பட்டமும் போட்ட நோட்டீஸ் அச்சடிக்கப்படும். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதென்பது இல்லை. அதுவரை ஒரே மேடையில் நின்றிராத இருவர், இரவு பத்து மணிக்குத் தொடங்கும் நாடகத்தில், நள்ளிரவுக்குப் பின் முருகனும் வள்ளியுமாகச் சந்திப்பதுண்டு. அவர்களை இணைப்பது சங்கரதாஸ் சுவாமிகள் வகுத்துத் தந்த கதையும் பாட்டும் மெட்டும் மட்டுமே. அமெரிக்க மானிடவியலாளர் சூசன் சைசர் இந்நடிகர்களோடு பழகி எழுதிய நூல் 2005-இல் வெளிவந்தது; ஒத்திகையின்றி விடிய விடிய நடக்கும் இந்த ஏற்பாட்டை அவரும் வியந்து விவரிக்கிறார். கோடிக்கணக்கில் செலவிட்டு, மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து, ஒரு பாதம் முறிந்ததும் பதிவை ஓடவிட்ட ஏற்பாட்டோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாடகத்தின் உச்சம் திருமணமன்று, தர்க்கம். தினைப்புனத்தில் காவல் இருக்கும் வள்ளியிடம் நாரதர் வருகிறார். அங்கிருந்து, விடிவதற்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். புராணம், இலக்கணம், ஆணா பெண்ணா உயர்வு, இல்லறமா துறவறமா என்று கேள்விகள் பாயும். சுவாமிகளின் பாடம் ஒரு கரைதான். வெள்ளம் அன்றன்றைக்கு வருவது. நாரதர் என்ன கேட்பார் என்பது வள்ளிக்குத் தெரியாது. வள்ளி சொல்லும் விடை சரியா என்பதைத் தரையில் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் கிழவர் தீர்மானிப்பார்.

என் மனைவியின் ஊர் திருமயத்திற்கு அருகே. அங்கே ஒரு கோயில் விழாவில் கண்ட தர்க்கத்தை மறக்க இயலாது. இரவு இரண்டு மணி இருக்கும். நாரதர் நீண்டதொரு கேள்வியைப் பாடி முடிக்கும் தறுவாயில் மின்சாரம் நின்றது. ஜெனரேட்டரைக் கிளப்ப ஆட்கள் ஓடினார்கள். ஆர்மோனியக்காரர் நிறுத்தவில்லை. இருட்டிலிருந்து, ஒலிபெருக்கி இல்லாத வெறுங்குரலில் வள்ளி சொன்னாள்: 'சுவாமி, ஞானத்தைப் பற்றி நீங்கள் பேசத் தொடங்கியதும் இருந்த வெளிச்சமும் போய்விட்டதே!' கூட்டம் கொல்லென்று சிரித்தது. நாரதர் விடுவாரா? 'அம்மா, நீ விடை சொல், விளக்கு தானே வரும்' என்றார். விளக்கு வரும்வரை, ஐந்தாறு நிமிடம், இருட்டிலேயே தர்க்கம் நடந்தது. பின்வரிசையில் இருந்தவர்கள் எழுந்து முன்னே வந்து நின்று கேட்டார்கள். அந்த நிமிடங்களை எவரும் எழுதிவைத்திருக்கவில்லை; மறுநாள் அவ்விருவரும் வெவ்வேறு ஊர்களில் வேறு துணைகளோடு நின்றிருப்பார்கள்.

நேற்றைய பதிவை இன்று போட்டால் பொய்யாகிவிடும் நாடகம் இதுதான்.

இன்னொரு காரணமும் உண்டு. என்னளவில் அதுவே பெரிது. இந்த மேடையில் ஒரு பெண் இரவின் நடுவில், நூற்றுக்கணக்கான ஆண்கள் முன்னிலையில், வேதம் கற்றவராக வரும் ஓர் ஆணோடு சொல்லுக்குச் சொல் வாதிடுகிறாள். வென்றால் ஊர் கைதட்டுகிறது. விடிந்தபின், அதே ஊரில் அதே பெண்ணைப் பற்றிப் பேசும் பேச்சு வேறு. 'நாடகக்காரி' என்ற சொல் இன்னும் வசையாகவே இருக்கிறது. சைசர் தம் நூலுக்கு எடுத்துக்கொண்ட பொருளே இந்த இழிவுதான். அவளுடைய கல்வியை, நினைவாற்றலை, நொடியில் எழும் சொல்லை, முழுமையாக ஒருமுறையேனும் நாடு பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

மறுப்புகள் வந்தன. இவை ஏற்கெனவே யூடியூபில் நேரலையாகின்றனவே என்றார் ஒருவர். உண்மை. விழாக்களில் ஒற்றைக் கேமராவை நிறுத்தி இரவு முழுவதும் ஒளிபரப்புகிறார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பார்க்கிறார்கள். அந்த இளைஞர்களுக்கு நான் நன்றி சொல்வேன். ஆனால் மறுநாள் பரவுவது எது? பபூனும் டான்ஸும் பேசும் இரட்டை அர்த்தத் துண்டுகளே. நாலு மணி நேரத் தர்க்கம் துண்டாக்கப்படுவதற்கு வளைந்து கொடுப்பதில்லை.

சுவாமிகளே இதை விரும்பியிருப்பாரா என்று இன்னொருவர் கேட்டார். கூர்மையான கேள்வி. பெரியவர்களைக் கொண்ட குழுக்களில் கட்டுப்பாடு குலைந்ததால்தான் அவர் சிறுவர்களைத் திரட்டிப் பயிற்றத் தலைப்பட்டார் என்பர். 1918-இல் மதுரையில் தோன்றிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை அப்படிப் பிறந்தது, டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். பாடத்தை மீறுவதை அவர் ரசித்திருக்கமாட்டார் என்றே நானும் எண்ணுகிறேன். ஆனால் அவர் 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் மறைந்தார், கருவடிக்குப்பத்தில் அடக்கமானார். அதன்பின் நூறாண்டுக்கும் மேலாக அவர் பாடல்களைத் தலைமுறை தலைமுறையாகச் சுமந்து வந்தவர்களுள் பெரும்பங்கினர் இந்த ஒத்திகையற்ற நடிகர்களே. கடல் கடந்து யாழ்ப்பாணத்திலும் நடிகமணி வி.வி. வைரமுத்து போன்றோர் இசைநாடகத்தை ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். மேடைக்கு வருமுன் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் இன்றும் சுவாமிகளை வணங்குகிறார்கள். மீறுகிறவர்களே வணங்குகிறவர்களாகவும் இருப்பதில் எனக்கு முரண் தெரியவில்லை.

ஆகவே என் முடிவு இது. காரைக்காலில், கோயிலை ஒட்டிய திறந்தவெளியில், பந்தல் போட்டு, 'வள்ளி திருமணம்' நடத்த வேண்டும். படப்பிடிப்புக் கூடம் வேண்டாம். 2013-இல் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்'கைக் கூட்டமில்லாக் கூடத்தில் நடித்தபோது பாட்டு முடிந்ததும் கவிந்த மௌனம் எப்படியிருந்தது என்று நண்பர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இரவு பத்துக்குத் தொடங்கி விடியும்வரை காட்ட வேண்டும். தர்க்கத்தில் ஒரு நிமிடமும் வெட்டக் கூடாது. ஒரு கேமரா எப்போதும் கூட்டத்தின் பக்கம் இருக்கட்டும். நடிகர்களின் பெயரும் ஊரும் நோட்டீஸில் உள்ளபடியே திரையில் வர வேண்டும். விளம்பர இடைவேளையை பபூனிடம் ஒப்படைத்துவிட்டால் அவர் பார்த்துக்கொள்வார்.

சென்ற வாரம் நளன் கட்சிக்காரர் என் பக்கம் வந்துவிட்டார். நந்தனார் கட்சித் தலைவர் மட்டும் அசையவில்லை. 'உங்கள் வள்ளி முடிந்ததும் அடுத்தது நந்தன்தான், எழுதி வையுங்கள்' என்றார். எழுதி வைக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் தீயில் மூழ்கும் இரவுக்கு மறுநாள் இரவே, அதே மேடையில், அதே நேரத்தில், இந்திரா பார்த்தசாரதியின் நந்தனையும் காட்ட வேண்டும். அதற்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.